வேலூர்ல வூடு மாத்தப் போறீங்களா, மொதல்ல தண்ணிய வாய்ல ஊத்திப் பாருங்க

கல்யாணமாயி பதினாறு வருஷத்துல அஞ்சு வூடு பாத்தாச்சு. கொசப்பேட்டைல கூட்டுக் குடும்பத்துல மாடி போர்ஷன், பங்கு பிரிச்சப்புறம் சைதாப்பேட்டை, அப்பால காட்பாடி காந்தி நகர், வேலப்பாடி, இப்ப சத்துவாச்சாரி. சொந்தக்காரங்க யாரு வூடு மாத்துனாலும் எனக்குத் தான் போன் வருது, "அக்கா அந்த பிரிட்ஜ படுக்க வச்சு தூக்கினு போலாமா"ன்னு. ஒவ்வொருத்தர்கிட்டயும் அரை மணி நேரம் பேசி வாய் வலிக்குது, அதான் ஒரேடியா எழுதிப் போட்டுடலாம்னு.

எனக்கு அனுபவத்துல தெரிஞ்சது ஒண்ணு தான். வூட்ல வயசுல மூத்தவங்களும் கடைக்குட்டியும் புது வூட்ல மொத நாள் நைட்டு நிம்மதியா தூங்கணும், அத மனசுல வச்சு எல்லா பிளானும் போடுங்க. பீரோ ஒரு வாரம் ஹால் நடுவுல நின்னா யாரும் செத்துட மாட்டாங்க. எங்க அத்தைக்கு சுகர் மாத்திரை எந்த பெட்டில இருக்குன்னு ராத்திரி பத்து மணிக்கு பதினெட்டு பெட்டிய பிரிச்சு தேடுனோமே, அதெல்லாம் உங்களுக்கு வேணாம்.

வூடு பாக்கறப்ப

வேலூர்ல வூடு பாக்கறவங்க மொதல்ல பாக்க வேண்டியது தண்ணி. ரூம் சைஸ், டைல்ஸ், மாடுலர் கிச்சன் எல்லாம் அப்புறம். இங்க பாலாறுன்னு பேரு தான், வருஷத்துல முக்கால்வாசி நாளு மணலும் முள்ளுச் செடியும் தான் ஓடும். நாங்க சைதாப்பேட்டை வூட்ட பாத்தது ஐப்பசி கடைசில, நல்ல மழை, கெணறு நெறஞ்சு கைல மொண்டுக்கலாம் போல இருந்துச்சு, ஓனரும் "தண்ணிக்கு பஞ்சமே இல்லம்மா"ன்னாரு, அவரு பொய் சொல்லல, அன்னைக்கு பஞ்சமில்ல தான். சித்திரைல கெணத்துல வாளி தட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் வாராவாரம் டேங்கர் லாரி, அதுக்கு கீழ் போர்ஷன்காரங்களோட பங்கு சண்ட.

அதனால ஓனர கேக்காதீங்க, எதிர் வூட்டு அம்மாவ கேளுங்க. மூணே கேள்வி போதும்: கார்ப்பரேஷன் தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருது, எத்தன மணிக்கு வருது, போன மே மாசம் லாரி தண்ணி வாங்குனீங்களா. காவிரி கூட்டுக் குடிநீர் வந்தப்புறம் நெலம எவ்ளோவோ தேவல, ஆனா தெருவுக்கு தெரு மாறும், ஒரே தெருவுல மேட்டுல இருக்கற வூட்டுக்கு நூலு மாதிரி வரும், பள்ளத்துல இருக்கறவங்களுக்கு பீச்சியடிக்கும்.

போர் தண்ணிய கொஞ்சம் வாய்ல ஊத்தி கொப்பளிச்சு துப்பிப் பாருங்க, உப்பு ஜாஸ்தின்னா நாக்கே சொல்லிடும். கூச்சமா இருந்தா ஒரு லிட்டர் பாட்டில்ல புடிச்சினு வந்து வூட்ல அதுல துவரம்பருப்ப வேக வைங்க. நாலு விசிலுக்கும் பருப்பு மொறைச்சினு நின்னா, தலைக்கு ஷாம்பு நொரைக்காது, துணி மஞ்சளாவும், ஹீட்டர் காயில் ஆறு மாசத்துல வெள்ளையா தோல் கட்டிக்கும்னு அர்த்தம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போறவங்க இன்னும் ஜாக்கிரதையா பாக்கணும், தோல் தொழிற்சால கழிவுத் தண்ணி நெலத்தடில எறங்குன கத அங்க ரொம்ப வருஷமா கீது, 1996லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரைக்கும் போன விஷயம் அது.

ரெண்டாவது வெயிலு. எல்லாரும் சாயங்காலம் ஆபீஸ் முடிச்சு காத்தாட போயி வூடு பாக்கறாங்க, அது தப்பு. மத்தியானம் மூணு மணிக்கு போங்க. மேல் மாடி வூடா இருந்தா ஒரு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்க உள்ளங்கையால தொட்டுப் பாருங்க. தோசக்கல்லு மாதிரி சுட்டா அது ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உங்க தலைமேல சூட்ட கக்கும், சுத்தி இருக்கற பாறை மலைங்க பகல்ல குடிச்ச வெயில ராத்திரி திருப்பிக் குடுக்கறது தனி. நாங்க வேலப்பாடில மாடி வூட்ல இருந்தப்ப கோடைல அத்தைய ஹால் தரைல ஈரத்துணி போட்டு தொடச்சு அதுமேல பாய் போட்டு படுக்க வச்சோம். வயசானவங்க இருந்தா கீழ் வூடு தான், வாடகை ஆயிரம் ரூபா கூட ஆனாலும். படிக்கட்டு ஏறுற வலியும் மிச்சம்.

ஏரியா விஷயத்துல ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கணக்கு. சிஎம்சி ஆஸ்பத்திரிய சுத்தி, காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் எல்லாம் பேஷண்டுங்களுக்கு லாட்ஜ், ரூமுன்னு ஆயிடுச்சு, பெங்கால், ஜார்க்கண்ட்லருந்து வர்றவங்களுக்காக கடை போர்டு கூட வங்காளத்துல இருக்கும். மாசக்கணக்குல குடும்பம் வைக்கறவங்களுக்கு அங்க வூடு கெடைக்கறது கஷ்டம், கெடைச்சாலும் வாடகை இடிக்கும். காட்பாடி பக்கம் விஐடி யுனிவர்சிட்டில படிக்கற பசங்க ரூம் எடுத்து எடுத்து வாடகைய ஏத்தி வச்சிருக்காங்க, ஆனா தெனம் மெட்ராஸுக்கோ பெங்களூருக்கோ ரயில் புடிக்கறவங்க வூட்ல இருந்தா வேற வழியில்ல. வேலூர்ல வூடு, காட்பாடில ஸ்கூலுன்னு வச்சிக்காதீங்க. காலைல எட்டரைக்கு பாலாத்து பிரிட்ஜ் மேல பிள்ளைய வண்டில உக்கார வச்சினு நின்னு பாருங்க, ஏன் சொல்றேன்னு புரியும். சத்துவாச்சாரில பேஸ் 1, பேஸ் 2ன்னு ஹவுசிங் போர்டு பிரிச்ச பகுதி வூடுங்க குடும்பம் நடத்த நல்லாயிருக்கும், கலெக்டர் ஆபீஸ் பக்கம், ரோடு அகலம். மலையோரமா போனா மட்டும் மொட்டை மாடில வடகம் காய வைக்கறவங்க கொரங்குக்கும் ஒரு பங்கு சேத்து ஊத்திக்கோங்க.

அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி

தமிழ்நாட்டுல வாடகைதாரர் சட்டம் 2017ல போட்டாங்க, 2019 பிப்ரவரிலருந்து நடைமுறைல இருக்கு. எழுத்துல அக்ரிமெண்ட் இருக்கணும், அட்வான்ஸ் மூணு மாச வாடகைன்னு அதுல கீது. நடைமுறைல இங்க அஞ்சு மாசம், பத்து மாசம் கேக்கறவங்களும் இருக்காங்க, சட்டத்த சொன்னா மூஞ்சிய தூக்குவாங்க. சண்ட போட வேணாம், ஆனா குடுக்கற பணத்த பேங்க் வழியா குடுங்க, கைல குடுத்தா கையெழுத்து வாங்குங்க.

அக்ரிமெண்ட்ல எல்லாரும் வுட்டுடற ரெண்டு விஷயம். ஒண்ணு, காலி பண்றப்ப பெயிண்டுக்குன்னு எவ்ளோ கழிப்பாங்க. ஒரு வூட்ல எங்களுக்கு ஒரு மாச வாடகைய அப்படியே புடிச்சிகினாங்க, சொவத்துல என் பொண்ணு போட்ட ஒரே ஒரு யானைப் படத்துக்காக. இன்னொண்ணு கரெண்டு. உங்க போர்ஷனுக்கு தனி ஈபி மீட்டர் இருக்கான்னு பாருங்க. வூட்டு கனெக்ஷனுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், சப்-மீட்டர் வச்சு யூனிட்டுக்கு இவ்ளோன்னு ஓனர் வசூல் பண்ணா அந்த இலவசம் உங்க கணக்குல வராது. குடி போற அன்னைக்கு மீட்டர் ரீடிங்க ஒரு போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல தட்டி வுட்டுடுங்க, பழைய வூட்ட காலி பண்றப்பவும் அதே மாதிரி. செப்டிக் டேங்க் ரொம்புனா யாரு செலவுன்னும் கேட்டுக்கோங்க, கேக்கறப்ப சிரிப்பாங்க, ரொம்பறப்ப யாரும் சிரிக்க மாட்டாங்க.

எந்த மாசம், எந்த நாளு

ஆடில யாரும் மாத்த மாட்டாங்க, மார்கழிலயும் மாட்டாங்க, புரட்டாசி பங்குனின்னு ஒவ்வொரு வூட்லயும் ஒரு லிஸ்ட் இருக்கும். உங்களுக்கு நம்பிக்க இல்லன்னாலும் பெரியவங்ககிட்ட கேட்டு நாள் குறிங்க, இல்லன்னா அடுத்த ரெண்டு வருஷம் வூட்ல யாருக்கு ஜொரம் வந்தாலும் "அன்னைக்கே சொன்னேன், கேட்டீங்களா"ன்னு வரும். ஆடில ஒரு லாபம் உண்டு, காலி வூடு நெறைய நிக்கும், ஓனருங்க கொஞ்சம் எறங்கி வருவாங்க. வூட்ட ஆடில பேசி முடிச்சு ஆவணி பொறந்ததும் பால் காய்ச்சலாம்.

ஆனா ஸ்கூல் பிள்ளைங்க இருந்தா ஏப்ரல் கடைசி தான். பரீட்ச முடிஞ்சிருக்கும், சித்திரையும் பொறந்திருக்கும், மே 4 அக்னி நட்சத்திரம் ஆரம்பிக்கறதுக்குள்ள வேலைய முடிச்சிடுங்க. லீவு கடைசில பாத்துக்கலாம்னு மே மாசம் முழுக்க தள்ளிப் போடுறவங்கள பாத்தா எனக்கு பாவமா இருக்கும், 41 டிகிரில பீரோ தூக்கற லோடுமேன் இன்னும் பாவம். பத்தாவது, பன்னெண்டாவது படிக்கற பிள்ள இருந்தா அந்த ஒரு வருஷம் நகராதீங்க.

மூட்ட கட்டறது

ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே தெனம் ஒரு அலமாரின்னு ஆரம்பிங்க. அட்டப்பெட்டிக்கு காசு குடுக்காதீங்க, மளிகக் கடைல, மெடிக்கல் ஷாப்ல சொல்லி வச்சா எடுத்து வச்சுக் குடுப்பாங்க. புக்க எல்லாம் சின்ன பெட்டில போடுங்க, பெரிய பெட்டில போட்டா அடி பிச்சினு வூழும். எவர்சில்வர் பாத்திரம் பழைய பொடவைல மூட்டையா கட்டிடலாம், கண்ணாடி, பீங்கான துண்டு, பெட்ஷீட்ல சுத்துங்க, பேப்பர் செலவும் மிச்சம். கட்டில கழட்டுனா போல்ட்டு நட்டு எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு அந்த கட்டில் கால்லயே டேப் போட்டு ஒட்டிடுங்க. "ஒரு டப்பால போட்டு வச்சிருக்கேன்"னு எங்க வூட்டுக்காரர் சொன்ன டப்பா காந்தி நகர்லருந்து இன்னும் வந்து சேரல.

பெட்டி மேல எழுதறப்ப உள்ள இன்னா இருக்குன்னு மட்டும் எழுதாதீங்க, எந்த ரூமுக்குப் போவணும்னு பெருசா எழுதுங்க. "மத்தது"ன்னு ஒரு பெட்டி எழுதவே கூடாது. என் பையனோட ஸ்கூல் பெல்ட்டு, எல்ஐசி பாண்டு, குக்கர் கேஸ்கெட்டு மூணும் அந்த ஒரே பெட்டில இருந்துச்சு, பிரிக்க நாலு மாசம் ஆச்சு.

கைப்பைன்னு ஒண்ணு தனியா. இது லோடு வண்டில ஏறக் கூடாது, உங்க மடியில தான் வரணும். மாத்திரைங்க ஒரு வாரத்துக்கு, டாக்டர் சீட்டு, நகை, வூட்டுப் பத்திரம், ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைங்க சர்டிபிகேட், சார்ஜர், ஒரு கத்தரிக்கோலு, ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு எல்இடி பல்பு. பல்பு எதுக்குன்னா, காலி பண்ணிட்டு போனவங்க பல்பையும் கழட்டினு போயிருப்பாங்க.

இன்னொரு பை ராத்திரிக்கு: எல்லாருக்கும் ஒரு செட் துணி, துண்டு, பாயி, தலகாணி, கொசுவத்தி, பக்கெட்டு, மக்கு, சோப்பு. கடைக்குட்டிக்கு அது கட்டிப் புடிச்சினு தூங்கற பொருள் இன்னாவோ அதயும் மறக்காம வைங்க. என் பொண்ணுக்கு ஒரு பழைய கைலித் துணி, அது இல்லாம விடிய விடிய அழுதா.

மிஷினுங்க பத்தி சுருக்கமா. பிரிட்ஜ நிக்க வச்சே கொண்டு போங்க, வேற வழியில்லாம படுக்க வச்சா எறக்கி நிக்க வச்சு அஞ்சாறு மணி நேரம் கழிச்சு தான் சுவிட்ச போடணும். ஏசி கழட்டறதுக்கு மெக்கானிக்க கூப்புட்டு கேஸ வெளி யூனிட்டுக்குள்ள எறக்கச் சொல்லுங்க, சும்மா பைப்ப வெட்டுனா மறுபடியும் கேஸ் ரொப்ப தனி செலவு. முன்னாடி கதவு வச்ச வாஷிங் மிஷின்னா, வாங்கறப்ப பின்னாடி மாட்டியிருந்த நீள போல்ட்ட தேடி எடுத்து மாட்டிடுங்க. இன்வெர்ட்டர் பேட்டரிய சாய்க்கவே கூடாது. கிரைண்டர்ல கல்ல தனியா எடுங்க. பீரோவ வாங்கறவங்களும் தூக்கறவங்களும் புது வூட்டு மாடிப்படி திருப்பத்த மொதல்லயே டேப் வச்சு அளந்துடுங்க. எங்க பீரோ ஒரு தடவ படில மாட்டி, மேலயும் போவாம கீழயும் வராம ரெண்டு மணி நேரம் நின்னுச்சு, மேல் வூட்டுக்காரர் ஆபீஸ் போவ முடியாம அந்தாண்ட நின்னுனு இருந்தாரு, எங்களுக்கு மொத அறிமுகமே அப்பிடி தான் ஆச்சு.

வண்டிக்கு ஒரு ரெண்டு ரூம் வூட்டு சாமான்னா குட்டி யானைன்னு சொல்ற சின்ன லோடு வண்டி ரெண்டு நடை அடிக்கும். ரேட்ட மொத்தமா பேசுங்க, ஏத்தறது, எறக்கறது, மாடி ஏத்தறது எல்லாம் சேத்தான்னு கேட்டு. காலைல ஆறு மணிக்கு வண்டி வந்து நிக்கணும்.

அம்மிக்கல்லு விஷயம்

பழசு எத தூக்கிப் போடறதுங்கறதுல தான் எல்லா வூட்லயும் சண்ட வரும். காந்தி நகர்லருந்து கெளம்பறப்ப நான் அம்மிய காயலாங்கடைக்காரர் பக்கம் தள்ளி வச்சேன், மிக்ஸி வந்து எத்தன வருஷமாச்சு. அத்தை ஒண்ணும் பேசல, திண்ணைல உக்காந்து கொழவிய மட்டும் எடுத்து மடில வச்சிகினாங்க. அப்புறம் மெதுவா, "இன்னாமே, கல்யாணத்துல நீ கால் வச்ச கல்லு இது, இதப் போயி எடைக்குப் போடறியே"ன்னாங்க. எனக்கு நெஜமாவே மறந்து போயிருந்துச்சு. இப்ப சத்துவாச்சாரி வூட்ல பின்பக்கம் கீது, இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா கெடைக்கறப்ப மட்டும் அதுல தேங்கா, மொளகா வச்சு அரைக்கறாங்க, ருசி இருக்குன்னு ஒத்துக்கத் தான் வேணும்.

அதனால ஒரு ரூல் வச்சிகிட்டோம். வூட்ல ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு பொருள், ஏன் எதுக்குன்னு யாரும் கேக்கக் கூடாது, வண்டில ஏறியே தீரும். பையன் ஒடஞ்ச கிரிக்கெட் பேட்ட வச்சான். அதுக்கு வெளில இருக்கறத எல்லாம் தாராளமா கழிச்சுக் கட்டுங்க.

அன்னைக்கு

பால் காய்ச்சறத முந்தின நாளோ அதே நாள் விடியகாலையோ வச்சிக்கோங்க. மொதல்ல போவ வேண்டியது சாமி படம், வெளக்கு, ஒரு கொடம் தண்ணி, உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, வெல்லம். கூடவே அடுப்பும் சிலிண்டரும் போயிடணும், ரெகுலேட்டர கழட்டிட்டு சிலிண்டர நிக்க வச்சு. தீப்பெட்டிய மறந்துட்டு பக்கத்து வூட்டு கதவ தட்டறது எல்லா வூட்லயும் நடக்கும், அதுவும் நல்லதுக்கு தான், அன்னைக்கே ஒரு டம்ளர் பால் குடுத்து பழகிக்கலாம்.

சாமான் ஏத்தறப்ப வயசானவங்களையும் சின்னப் பிள்ளைங்களையும் பழைய வூட்ல வச்சிக்காதீங்க. காலி ஆவற வூட்ட பாக்கறது அவங்களுக்கு கஷ்டம், கால்லயும் சுத்துவாங்க. சொந்தக்காரங்க வூட்ல வுட்டுட்டு சாயங்காலம் இட்டுனு வாங்க. நீங்க அதுக்குள்ள மூணே மூணு வேல முடிச்சா போதும்: பாத்ரூம் கழுவி பக்கெட்டு வச்சு லைட்டு எரியணும், பெரியவங்க படுக்கற எடம் ரெடியா இருக்கணும், அடுப்பு எரியணும். பாத்ரூமுக்கு போற வழில ஒரு பெட்டி கூட இருக்கக் கூடாது, புது வூட்ல ராத்திரி எழுந்தா எந்தப் பக்கம் கதவுன்னே தெரியாது, அத்தை ஒரு தடவ பீரோ கதவ தொறக்கப் பாத்தாங்க. சின்னதா நைட் லேம்ப் ஒண்ணு போட்டுடுங்க.

சாப்பாடு மத்தியானத்துக்கு ஓட்டல்ல சொல்லிடுங்க, லோடுமேன் அண்ணனுங்களுக்கும் சேத்து, மோரு ஒரு குண்டால கலக்கி வைங்க. எங்க வூட்ல பால் காய்ச்சன அன்னைக்கு கவுச்சி கூடாது, மறுநாள் பிள்ளைங்களுக்கு ஆம்பூர் பிரியாணின்னு சொல்லி தான் அன்னைக்கு தயிர்சாதத்த எறக்குனேன். அப்புறம் புருஷன் பொண்டாட்டிக்குள்ள அன்னைக்கு பேசறது எதுவும் கணக்குல சேராது, இத முந்தின நாளே ஒப்பந்தம் போட்டுக்கோங்க.

பேப்பர் வேல

ஒரு மாசத்துக்குள்ள முடிங்க, வுட்டா வருஷம் ஓடிடும். ஸ்கூல் மாத்துனா டிசி வாங்கறப்பவே பழைய ஸ்கூல்ல எமிஸ்லருந்து (பிள்ளைங்க விவரம் ஏத்தற கல்வித்துறை ஆன்லைன் பதிவு) பிள்ளை பேர காமன் பூலுக்கு, அதாவது எந்த ஸ்கூலும் எடுத்துக்கற பொது லிஸ்டுக்கு, தள்ளிட்டாங்களான்னு கேளுங்க, அத செய்யாம புது ஸ்கூல்ல பேர ஏத்த முடியாது, நடுவுல நீங்க தான் ரெண்டு பக்கமும் அலையணும். கேஸ், ஊருக்குள்ளயே மாறுனா ஏஜென்சில அட்ரஸ் மாத்தறதோ டிரான்ஸ்பரோ தான், வேற ஊருன்னா சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைச்சு டெபாசிட்ட திருப்பி வாங்கிட்டு அந்த சீட்ட புது ஊர்ல காட்டணும். ரேஷன் கார்டு அட்ரஸ் ஆன்லைன்லயே மாத்தலாம், கஷ்டமா இருந்தா இ-சேவை மையம், கடையும் மாறும். ஓட்டர் லிஸ்டுக்கு படிவம் 8. ஆதார மொதல்ல மாத்திட்டா மத்ததுக்கு அதயே காட்டலாம். 2019ல மாவட்டத்த மூணா பிரிச்சாங்கல்ல, ஆற்காடு, வாலாஜா பக்கத்துலருந்து வர்றவங்க பழைய பேப்பர்ல வேலூர் மாவட்டம்னு இருக்கும், புதுசுல ராணிப்பேட்டைன்னு இருக்கும், ரெண்டையும் கைல வச்சிக்கோங்க.

பிள்ளைங்களுக்கு பழக ரெண்டு மூணு மாசம் ஆவும். எங்க பையன் ஒரு மாசம் வரைக்கும் ஸ்கூல் விட்டா பழைய பஸ் ஸ்டாப்ல எறங்கினு இருந்தான், திட்டாம போயி இட்டுனு வந்தோம். பெரியவங்களுக்கு பூக்காரம்மா, கோயிலு, பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு, இந்த மூணும் கெடைச்சுட்டா போதும், நீங்களே மொத வாரம் கூட நடந்து போயி பழக்கி வுடுங்க.

போன மாசம் வேலப்பாடி பக்கம் போனப்ப எங்க பழைய வூட்டு வாசல்ல ஒரு பொண்ணு இடுப்புல கொழந்தையோட நின்னுனு இருந்தா, உள்ள பெட்டிங்க பிரிக்காம அடுக்கி இருந்துச்சு. நான் இங்க இருந்தவன்னு சொன்னதும் ஒடனே கேட்டா, "அக்கா, இங்க தண்ணி எப்ப வரும்?" விடியகாலைல அஞ்சரைக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், மொத பத்து நிமிஷம் கலங்கலா வரும் வுட்டுட்டு புடின்னு சொல்லிட்டு வந்தேன்.